இருபத்திரண்டு விடைத்தாள்கள்

பிப்ரவரி 9, திங்கள்

மீள்பார்வை வகுப்பு இன்று தொடங்கியது. ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால், உடைந்த மேசைகளைப் போட்டுவைக்கும் அறை. இரண்டு மின்விசிறிகளில் ஒன்று சுற்றுகிறது. மற்றது இருப்பதாகப் பெயர். இருபத்திரண்டு பிள்ளைகள். பாதிப்பேர் சென்ற ஆண்டு மொழித்தாளில் தோற்றவர்கள். மீதிப்பேர் இந்த ஆண்டு தோற்பார்கள் என்று பள்ளி முன்கூட்டியே தீர்மானித்துவிட்டவர்கள்.

பலகையில் எழுதினேன்: உவமை, உருவகம், முரண், தொனி, கதைசொல்லி, நோக்குநிலை, குறிப்புப்பொருள். ஐந்து வாரத்துக்கு இதுவே முதலீடு.

"இதெல்லாம் தெரியாமலேயே நாங்க கதை படிக்கிறோமே மிஸ்?"

முன்வரிசைப் பெண். எதற்கும் எதிர்வாதம் வைப்பதால் பிள்ளைகள் அவளை வக்கீல் என்று அழைக்கிறார்கள்.

"படிக்கறதுக்கு வேண்டாம். ஏன் பிடிச்சதுன்னு இன்னொருத்தர்கிட்ட சொல்லணும்னா வேணும்."

"ஏன் பிடிச்சதுன்னு என்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே."

மணி அடித்துக் காப்பாற்றியது.

பிப்ரவரி 12, வியாழன்

முரணுக்கு வாழ்க்கையிலிருந்து எடுத்துக்காட்டு கேட்டேன். வக்கீல் எழுந்தாள். "'ரெண்டே ரெண்டு நிமிஷம்தான் பேசுவேன்'னு ஹெச்.எம். மைக்கைப் பிடிக்கிறது."

சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். ஆனால் அதன் பிறகு ஒருவருக்கும் முரண் மறக்கவில்லை. இரண்டு பட்டங்கள் வாங்கியும் எனக்கு இப்படி ஓர் எடுத்துக்காட்டு தோன்றியதில்லை.

பிப்ரவரி 18, புதன்

வகுப்பு முடிந்ததும் வக்கீல் ஒரு கடிதத்தைக் காட்டினாள். செவிலியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: மொழித்தாளில் ஐம்பது. சென்ற ஆண்டு அவள் வாங்கியது நாற்பத்தொன்று.

"இந்த வருஷம் விட்டா இடம் போயிடும் மிஸ். அடுத்த வருஷம் மறுபடி முதல்லேருந்து வரிசை."

கவனித்தேன். வரிக்குக் கீழே விரல் வைத்துத்தான் படிக்கிறாள். புரியாமல் இல்லை, நன்றாகவே புரிகிறது. ஆனால் மெதுவாக. தேர்வில் அவளுடைய எதிரி கடிகாரம்தான்.

பிப்ரவரி 24, செவ்வாய்

பயிற்சிப் பகுதிகள் தீர்ந்துவிட்டன. பாடநூலில் உள்ளவற்றை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். முன்பின் பார்க்காத பகுதியைப் படித்துப் புரிந்துகொள்வதுதான் தேர்வில் நாற்பது மதிப்பெண். பார்க்காத பகுதிக்கு எங்கே போவது?

இரண்டு ஆண்டுக்கு முன், வினாத்தாள் தயாரிக்கும் தேர்வுக்குழுவுக்காக நான் எழுதிய பகுதி ஒன்று மேசை இழுப்பறையில் கிடக்கிறது. வீட்டை விற்றுவிட்ட ஒரு பெண், சாவியைக் கொடுக்கும் நாளில் தரை முழுவதையும் கழுவுகிறாள். கழுவிக்கொண்டே, "எனக்கு ஒன்றும் வருத்தமில்லை" என்று நான்கு முறை சொல்கிறாள். 'தங்கள் பகுதி பயன்படுத்தப்படவில்லை, நன்றி' என்று அப்போதே கடிதம் வந்துவிட்டது. கொஞ்சம் மனத்தாங்கல்தான். நன்றாக வந்திருந்த பகுதி.

குழுவில் நான் இருப்பது தலைமையாசிரியைக்கும் என் கணவருக்கும் மட்டுமே தெரியும். பகுதி யார் எழுதியது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருபத்திரண்டு நகல் எடுத்தேன்.

பிப்ரவரி 26, வியாழன்

இந்த ஆண்டின் மிக நல்ல வகுப்பு. சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து கணக்கு சார் எட்டிப் பார்த்து, "என்ன மேடம், இலக்கியமா, ஏலமா?" என்றார்.

'அந்தப் பெண் தரையைக் கழுவுவது எதைக் குறிப்பால் உணர்த்துகிறது?' என்பது கேள்வி. என் விடைக்குறிப்பு: பிரிவுத்துயர், வீட்டோடு கடைசியாக ஒருமுறை இருக்க ஒரு சாக்கு. எல்லாரும் ஏறக்குறைய அங்கே வந்து சேர்ந்தார்கள். வக்கீல் வரவில்லை.

"சோகமெல்லாம் இல்ல மிஸ். வீட்டை எவ்வளவு அழுக்கா வெச்சிருந்திருக்காங்க பாருன்னு புதுசா வர்றவங்க சொல்லிடக் கூடாது. அதான் கழுவறாங்க. மானம்."

"அப்ப 'எனக்கு ஒன்றும் வருத்தமில்லை'ன்னு ஏன் நாலு தடவை சொல்லணும்?"

"அது வருத்தம். கழுவறது மானம். ரெண்டும் ஒரே நேரத்துல இருக்கக் கூடாதா?"

இருக்கலாம். எழுதிய எனக்கே அது தோன்றியிருக்கவில்லை. ஆனாலும், "தேர்வுல பிரிவுத்துயர்னு எழுது, மதிப்பெண் கிடைக்கும்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டாள். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

அதே பகுதியை இரண்டாவது முறை, கடிகாரம் வைத்து. எல்லாரும் நேரத்துக்குள் முடித்தார்கள், வக்கீலும். ஆனால் இது புரிதல் இல்லை, பழக்கம். நினைவில் இருப்பதை எழுதுகிறார்கள். இருக்கட்டும். கொஞ்சம் தைரியம் வரட்டும்.

மார்ச் 11, புதன்

நாளை தேர்வு. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். சொல்லாததை நாளைக்குச் சொல்ல முடியாது.

மார்ச் 12, வியாழன்

வீட்டுக்கு வந்த கையோடு எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் தெளியும் என்று நம்பி.

மொழி ஆசிரியர்களைத் தேர்வுக்கூடத்துக்குள் விடமாட்டார்கள். வராந்தாவில் நின்றிருந்தேன். முதலில் வெளியே வந்த பையன் ஓடிவந்து, "மிஸ்! நம்ம வீடு கழுவற அம்மா வந்துட்டாங்க மிஸ்!" என்றான். எனக்குப் புரியவே இல்லை. பின்னாலேயே ஏழெட்டுப் பேர். கத்தல், கைத்தட்டல். ஒருத்தி என் கையைப் பிடித்து அழுதுவிட்டாள். "அப்படியே மிஸ்! ஒரு வார்த்தை மாறல! நீங்க சொன்ன விடைய அப்படியே எழுதிட்டோம்!"

கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். பகுதி 'ஆ'. என் பகுதி. என் கேள்விகள். நான் வைத்த அரைப்புள்ளி வரைக்கும்.

கடைசியாக வந்தவள் வக்கீல். அவள் கைதட்டவில்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மிஸ்?"

"தெரியாது."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நம்பினாளா? அவளிடத்தில் நான் இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

குழுவில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். மூன்று பக்கம். மூன்றாம் பக்கத்தின் கடைசிப் பத்தி: பயன்படுத்தப்படாத பகுதிகள் ஐந்து ஆண்டு கையிருப்பில் வைக்கப்படும், அதுவரை எழுதியவர் அவற்றை எந்த வகையிலும் பயன்படுத்தலாகாது. அதன் கீழே என் கையெழுத்து, அழகாக, முழுப்பெயரோடு.

கடைசிப் பத்தியைப் படிக்காமல் விடையெழுதாதே என்று இருபது ஆண்டாகத் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் மேலோட்டமாகப் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

தேர்வு பற்றிய முறையீடுகளுக்குக் கடைசி நாள் மார்ச் 23.

மார்ச் 14, சனி

வீட்டில் இவரிடம் சொன்னேன். மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் இருபத்தைந்து ஆண்டாக ரத்தச் சோதனைக் குழாய்களில் நோயாளி பெயர் ஒட்டுகிறவர். ஓர் எழுத்து மாறினாலும் விடமாட்டார். 'உடனே போய்ச் சொல்லு' என்பார் என்று நினைத்தேன்.

"விட்டுடு" என்றார்.

"நீங்களா சொல்றீங்க?"

"நான் பேர் மாத்தி ஒட்டினா ஒரு ஆள் செத்துப்போவான். நீ பேசாம இருந்தா இருபத்திரண்டு பேர் பாஸாவாங்க. ரெண்டும் ஒண்ணா? சொல்லு."

"மத்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க அந்தப் பகுதியைப் பார்க்காமத்தானே எழுதினாங்க?"

"அவங்க இடத்தை யாரும் பறிக்கலையே. ஐம்பது வாங்கினா பாஸ். ரேங்க்கா போடறாங்க?"

வாதம் கச்சிதமாகத்தான் இருந்தது. அதனாலேயே எரிச்சல். பாத்திரங்களை நானே கழுவினேன், தேவைக்கு மேல் சத்தமாக.

மார்ச் 16, திங்கள்

தலைமையாசிரியை கதவைச் சாத்தச் சொன்னார். நான் வாயைத் திறக்கும் முன்பே அவருக்குச் செய்தி போயிருந்தது. பிள்ளைகளின் கைத்தட்டல் அந்த வராந்தாவோடு நிற்குமா என்ன?

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"வீட்ல மட்டும்."

"நல்லது. ஒரு பயிற்சித்தாள் தற்செயலா ஒத்துப்போச்சு. நடக்கறதுதான்."

"தற்செயல் இல்ல மேடம். நான் எழுதினது."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தெரிஞ்சதையெல்லாம் சொல்லிட்டா பள்ளிக்கூடம் நடத்த முடியுமா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பிள்ளைங்க மொகத்துல இப்படிச் சிரிப்பைப் பார்த்திருக்கீங்களா நீங்க? யோசிச்சு செய்ங்க."

கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மார்ச் 17, செவ்வாய்

முறையீட்டுக் கடிதம் எழுதினேன். கிழித்தேன்.

மார்ச் 18, புதன்

இன்னொரு கணக்கும் மனதுக்குள் ஓடுகிறது. இருபத்திரண்டு விடைத்தாள்களிலும் 'வீட்டோடு கடைசியாக ஒருமுறை இருக்க ஒரு சாக்கு' என்ற அதே சொற்றொடர். திருத்துபவர் யாராக இருந்தாலும் நான்காவது தாளில் நிமிர்ந்து உட்காருவார். காப்பி அடித்தார்கள் என்பார்கள். அப்போது பிள்ளைகளின் தாள்கள் முழுவதுமே ரத்தாகும்.

அப்படியானால் சொல்ல நினைப்பது எதற்காக? நேர்மையா, பயமா? பிள்ளைகளுக்காகப் பயமா, எனக்காகவா? கதைசொல்லி சொல்வதை அப்படியே நம்பாதீர்கள், அவருக்கு என்ன லாபம் என்று கேளுங்கள் என்பது நான் நடத்திய பாடம். இந்தப் பக்கத்தை வகுப்பில் கொடுத்தால் என்ன எழுதுவார்கள்? 'இவர் தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்ள விரும்புகிறார்' என்று எழுதுவார்கள். முழு மதிப்பெண் போடலாம்.

மார்ச் 19, வியாழன்

மூன்றாம் பாடவேளையில் தேர்வுக்குழு ஒருங்கிணைப்பாளரிடமிருந்து தொலைபேசி. எப்போதும் போல மெல்லிய குரல், எப்போதும் போல மன்னிப்போடு தொடக்கம்.

"மேடம், முதல்ல ஸாரி. உங்க பகுதிய உங்ககிட்ட சொல்லாம எடுத்துட்டோம். முதல் தாள்ல அச்சுப் பிழை, கடைசி நேரத்துல கையிருப்புத் தாளுக்குப் போக வேண்டியதாயிடுச்சு."

"சரி சார்."

"ஒரு உதவி. விடைக்குறிப்பு உங்களோடது. நீங்களே பகுதி 'ஆ' திருத்த வந்தீங்கன்னா நல்லாயிருக்கும். உங்க வட்டாரத்துத் தாள் எல்லாம் இங்கதான் இருக்கு. திங்கட்கிழமை வர முடியுமா?"

ஜன்னல் ஓரம் நின்றிருந்தேன். கீழே உடற்பயிற்சி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. விசில் சத்தம்.

திங்கட்கிழமை போகலாம். இருபத்திரண்டு தாள்களும் என் கைக்கே வரும். ஒருவரும் நிமிர்ந்து உட்கார மாட்டார்கள். நான்காவது தாளை நான் திருப்புவேன், ஐந்தாவதை எடுப்பேன். தேடி வந்து கையில் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்று யார் சொல்வார்?

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"சார், அந்தப் பகுதிய நான் என் வகுப்புல நடத்திட்டேன்."

"தேர்வுக்கு அப்புறமா?"

"முன்னாடி. ரெண்டு தடவை. விடையோட."

கீழே விசில் மட்டும் ஒலித்துக்கொண்டே இருந்தது.

மார்ச் 20, வெள்ளி

சொல்லிவிட்டேன். சொல்லி முடித்தால் மனம் லேசாகும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. கல்லை இறக்கி வைக்கவில்லை, தோள் மாற்றியிருக்கிறேன். என் தோளிலிருந்து இருபத்திரண்டு தோள்களுக்கு.

தலைமையாசிரியைக்கு எழுத்தில் கொடுத்தேன். படித்தார். மடித்தார். "நீங்க போகலாம்" என்றார். இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை.

மார்ச் 25, புதன்

விசாரணை. நீளமான மேசை, அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நான். நகலைக் கொடுத்தேன், பாடத்திட்டக் குறிப்பேட்டைக் கொடுத்தேன். ஒப்பந்தத்தைப் படித்தீர்களா என்று கேட்டார்கள். படிக்கவில்லை என்றேன். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி, "நீங்க படிப்புத்திறன் ஆசிரியை, இல்லையா?" என்றார். கேலியாகக்கூடக் கேட்கவில்லை. சரிபார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்: பிள்ளைகள் மீது தவறில்லை என்று எழுத்தில் வேண்டும். கிடைத்தது. மாணவர்கள் எந்த முறைகேட்டிலும் ஈடுபடவில்லை. பகுதி 'ஆ' மட்டும் அந்த இருபத்திரண்டு பேருக்கும் ஏப்ரல் 9 அன்று மறுதேர்வு. மற்றப் பகுதிகளின் மதிப்பெண் அப்படியே நிற்கும். என்னைக் குழுவிலிருந்து நிரந்தரமாக நீக்கினார்கள். பணிப்பதிவேட்டில் ஒரு கண்டனம்.

வீட்டுக்கு வந்ததும் இவர், "சாப்பிட்டியா?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த ஒன்றுக்கு நன்றி.

மார்ச் 27, வெள்ளி

வகுப்பில் சொன்னேன். கத்துவார்கள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். கத்தவில்லை. பின்வரிசையில் ஒருவன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனான், நான் தடுக்கவில்லை.

வக்கீல் எழுந்தாள்.

"நாங்க காப்பி அடிச்சோமா மிஸ்?"

"இல்ல."

"கேள்வித்தாளைத் திருடினோமா?"

"இல்ல."

"தப்பு பண்ணது யாரு?"

"நான்."

"அப்புறம் பரீட்சை எழுதறது மட்டும் ஏன் நாங்க?"

நியாயமான பதில் ஒன்று இருக்கிறது, தெரியும். மற்ற பள்ளிகளின் பிள்ளைகள், சமமான வாய்ப்பு, இத்யாதி. வாயில் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது காகிதத்தில் எழுதி ஒட்டியது போல இருந்தது.

"இன்னும் பதிமூணு நாள் இருக்கு. சனி, ஞாயிறும் வருவேன். வர்றவங்க வரலாம்" என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். "கேட்டதுக்கு இது பதில் இல்ல மிஸ்" என்றாள், மெதுவாக.

மார்ச் 28, சனி

பதினான்கு பேர் வந்தார்கள். வக்கீலும்தான். என்னை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பகுதியை மட்டும் பார்த்தாள்.

மார்ச் 31, செவ்வாய்

வக்கீலின் அம்மா ஆசிரியர் அறைக்கு வந்தார். விடுதி ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை. வெந்நீரில் ஊறிய விரல்கள், நேர்த்தியாகத் தேய்த்த உடை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"நீங்க நல்லவங்கதான் டீச்சர். எம்பொண்ணு சொன்னா. யாரும் கேக்காமலே நீங்களா சொன்னீங்களாம்."

மறுபடி நாற்காலியைக் காட்டினேன்.

"நீங்க நல்லவங்களா இருக்கறதுக்கு எம்பொண்ணுதான் கெடைச்சாளா?"

சண்டை போடும் குரலில் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வழி கேட்பது போலக் கேட்டார். கேட்டுவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

ஆசிரியர் அறையில் கணக்கு சார் மட்டும் இருந்தார். எதையும் கேட்காத மாதிரி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஒரே பக்கத்தைத்தான் திருத்திக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 4, சனி

பதினெட்டுப் பேர். இந்த முறை விடைக்குறிப்பே கொண்டுபோகவில்லை. செய்தித்தாள், மருந்து டப்பாவின் உள்ளே இருக்கும் துண்டுக் காகிதம், வாடகை ஒப்பந்தம் ஒன்று. யார் சொல்கிறார்கள், யாரிடம், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள்? வாடகை ஒப்பந்தத்தில் ஒன்பது ஓட்டைகள் கண்டுபிடித்தார்கள். "இதுல கையெழுத்துப் போடக் கூடாது மிஸ்" என்றான், அன்றைக்குப் பையை எடுத்துக்கொண்டு போனவன். என்னைக் குத்துகிறானோ என்று பார்த்தேன். இல்லை, நிஜமாகத்தான் சொன்னான்.

வக்கீலுக்கு இன்னும் நேரம் போதவில்லை. கேள்விகளை முதலில் படி, பகுதியை ஒருமுறை படி, எழுது என்கிறேன். "ஒரு தடவை படிச்சா அது படிச்சதா மிஸ்?" என்கிறாள். ஆமாம், நான்தான் சொல்லிக்கொடுத்தேன், மூன்று முறை படி என்று.

ஏப்ரல் 9, வியாழன்

மறுதேர்வு வேறு பள்ளியில். வாசலுக்கு உள்ளே எனக்கு அனுமதி இல்லை. எதிர்ப்புறப் பேருந்து நிறுத்தத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பேருந்துகள் வந்தன, நின்றன, நான் ஏறாததைப் பார்த்துவிட்டுப் போயின.

வெளியே வந்தவர்கள் ஓடிவரவில்லை. சிலர் கையசைத்தார்கள். வக்கீல் கடைசி.

"கடைசிக் கேள்விக்கு நேரமில்ல மிஸ்."

"எத்தனை மதிப்பெண்?"

"எட்டு."

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் என்னோடது" என்றாள்.

ஏப்ரல் 10, வெள்ளி

எட்டு.

மே 15, வெள்ளி

முடிவு வந்தது. இருபத்திரண்டு பேரில் பதினேழு பேர் தேர்ச்சி. பழைய பழக்கத்தில் இரண்டு முறை எண்ணினேன். சென்ற ஆண்டு மீள்பார்வை வகுப்பில் தேறியது ஆறு பேர். பதினேழு பேரும் பார்க்காத பகுதியைப் படித்து, சொல்லிக்கொடுக்காத விடையை எழுதித் தேறியிருக்கிறார்கள்.

தலைமையாசிரியை வராந்தாவில் என்னைக் கடந்துபோனவர் நின்று, திரும்பி, "பதினேழு" என்றார். "ஆமா மேடம்" என்றேன். இரண்டு மாதத்தில் நாங்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை.

வக்கீல் நாற்பத்தேழு.

மே 18, திங்கள்

செவிலியர் பயிற்சிப் பள்ளிக்கு நேரில் போனேன். நடந்ததைச் சொன்னேன், விசாரணைக் குழுவின் கடிதத்தைக் காட்டினேன். அலுவலர் பொறுமையாகக் கேட்டார். விதி ஐம்பது. அவளுடைய இடம் காத்திருப்பவருக்குப் போய்விட்டது. அடுத்த துணைத்தேர்வு செப்டம்பரில். தேறினால் அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாம், முன்னுரிமை கிடையாது.

அவளிடம் நான் போனதைச் சொல்லவில்லை. சொன்னால் அது எனக்காகச் சொன்னதாகிவிடும்.

மே 27, புதன்

விடுமுறைதான். ஆனாலும் துணைத்தேர்வுக்கு வருபவர்களுக்காகப் புதன்கிழமைகளில் ஆசிரியர் அறையில் இருப்பேன் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தேன். ஐந்து பேர் வர வேண்டும். பத்து மணிவரை யாரும் வரவில்லை. பதினொன்றுக்கு வக்கீல் வந்தாள்.

வாசலிலேயே நின்றாள். சீருடை இல்லாமல் பார்த்தபோது இன்னும் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள். அம்மா வேலை செய்யும் விடுதியிலேயே பிற்பகல் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாளாம்.

"ஒண்ணு கேக்கணும் மிஸ். சுத்தி வளைக்காம சொல்லுங்க."

"கேளு."

"நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் பாஸ்தானே?"

திருத்துபவர்கள் இருபத்திரண்டு பேரையும் காப்பி அடித்தவர்கள் என்று முடிவுகட்டியிருக்கலாம், தாளே ரத்தாகியிருக்கலாம் என்று சொல்ல ஆயிரம் இருந்தது. அதில் பொய்யும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை நான் திருத்தப் போயிருந்தால் அது எதுவும் நடந்திருக்காது. எனக்குத் தெரியும்.

"ஆமா" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். அன்று வராந்தாவில் அதே முகத்தில் தேடியதைக் கண்டுபிடித்தது போலவும் இல்லை, மன்னித்தது போலவும் இல்லை. பிறகு உள்ளே வந்து, எதிரில் இருந்த நாற்காலியை இழுத்து, உட்கார்ந்தாள்.

"ஒரு மணிக்கு ஷிஃப்ட்" என்றாள். "பகுதியக் குடுங்க."